வீட்டுக் கணக்கில் வராத வலி

அப்பா தவறி ஒரு வருஷம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே அம்மாவின் வரவு செலவு நோட்டுகள். கல்யாணமான 1985-ல் தொடங்கியவை. நீளவாக்கில் மடித்துத் தைத்த கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அப்புறம் பால், மளிகை, மண்ணெண்ணெய், சீட்டுப் பணம், மொய். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கூட்டல், அதன் கீழே இரட்டைக் கோடு. ஒரு ரூபாய் இடித்தாலும் அந்தக் கோடு விழாது. அம்மாவின் கணக்கு அப்படி.

சுகாதாரம் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில், மருத்துவச் செலவுகளை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதில் கழிந்தது. முடித்தபோது வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

1993-ஆம் வருஷ நோட்டில்: ‘தம்பிக்கு பிரைமரி காம்ப்ளக்ஸ். தஞ்சாவூர் டாக்டர் – 40. மருந்து – 112. பஸ் – 14.’ அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும். ஆறு மாதம் விடாமல். அதே வருஷம் என் பெயரில் ஒரே ஒரு வரி: ‘பாப்பா காதுக்கு சொட்டு மருந்து – 8.’ அதன் பிறகு என் காது நோட்டில் இல்லை. சீழ் வடிவது நின்றுவிட்டதா என்றால், இரண்டு வருஷம் நிற்கவில்லை. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவாள் அம்மா. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். இன்றைக்கும் இடது காதில் வைத்து என்னால் போன் பேச முடியாது.

2009-ல் ‘அவருக்கு ஆஞ்சியோ’. இரண்டு வரி தள்ளி ‘ஸ்டென்ட்’. அதற்கு நேராக வரவுப் பக்கத்தில் ‘நகை – பேங்க்’. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் நான்கு வளையலும்.

அம்மாவின் பெயரில் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ‘தைலம் – 45.’ முட்டி வலிக்கு. 2010-ல் தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே வரி வருகிறது. விலை மட்டும் 45, 60, 85, 110 என்று ஏறிக்கொண்டே போகிறது.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தவர். “உனக்கு டாக்டர் வேண்டாம்” என்று அம்மாவிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நோட்டை எழுதியவள் அம்மா. தன்னை அதில் எழுதாமல் விட்டவளும் அம்மாதான். மருத்துவச் செலவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேசும்போது, பெண்ணுக்கு வைத்தியம் பார்க்க மறுக்கும் ஒரு வீட்டையே நாம் மனதில் நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் யாரும் எதையும் மறுப்பதில்லை. யாருடைய வலிக்கு நோய் என்று பெயர் வைக்கிறோம், யாருடைய நோய்க்காகக் கடன் வாங்குகிறோம் என்ற இரண்டு இடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டும் பிறந்த வீட்டில் தொடங்கி, கடைசிக் காலம் வரை ஒரு பெண்ணின் கூடவே வருகின்றன.

கடன் வாங்கும்போது தெரியும்

சளி, காய்ச்சல் என்றால் மகனையும் மகளையும் ஒன்றாகவே டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வரை வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. கையில் இருக்கும் பணம் போதாமல் வெளியே கை நீட்ட வேண்டிவரும்போதுதான் அது வெளியே வரும்.

நம் நாட்டில் அப்படிக் கை நீட்ட வேண்டிய சந்தர்ப்பம் அடிக்கடி வருகிறது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2017-18-ல் எடுத்த கணக்கின்படி, பிரசவத்தைத் தவிர்த்து மற்றவற்றுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. கிராமத்து வீடுகளில் சுமார் 13 சதவீதம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முக்கியமாகக் கடனையே நம்பியிருந்தன. ‘எந்த ஆஸ்பத்திரி?’ என்பது மருத்துவக் கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் அது ‘எவ்வளவு தூரம் போய்ப் பணம் புரட்டப் போகிறோம்?’ என்ற கேள்விதான்.

இந்தியக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதைப் பற்றி அபய் அஸ்ஃபா, ஸ்டெபான் கிளாசன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. கடன் வாங்கியோ, எதையாவது விற்றோ, உறவினரிடம் கேட்டோ வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை வரும்போது, ஆண் குழந்தைக்காக அதைச் செய்யும் பெற்றோர் அதிகம். பெண் குழந்தைக்காகச் செய்பவர்கள் குறைவு. பெரியவர்களிடமும் இதே கதைதான். 2014-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை வைத்து மோரத்வஜ், நந்திதா சைக்கியா இருவரும் எழுதிய கட்டுரை, உள்நோயாளியாகச் சேரும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே செலவழிக்கப்படுகிறது என்றும், கடனும் சொத்து விற்பனையும் ஆணுக்காகவே அதிகம் நடக்கின்றன என்றும் காட்டியது.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: ஆண்களுக்குத்தானே விபத்தும் மாரடைப்பும் குடியால் வரும் நோயும் அதிகம், செலவும் அதிகமாகத்தானே இருக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் குழந்தைகள் குடிப்பதில்லை, லாரி ஓட்டுவதுமில்லை. டெல்லி எய்ம்ஸில் இருதய அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 405 பேரின் குடும்பங்களைப் பின்தொடர்ந்து, 2011-ல் ஒரு கட்டுரை வந்தது. இருதயக் கோளாறு, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆலோசனை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஆண் குழந்தைகளில் 70 சதவீதத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. பெண் குழந்தைகளில் 44 சதவீதத்துக்கு. மார்பில் தழும்போடு ஒரு பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலை நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இருபது வருஷம் கழித்து வரப்போகிற ஒரு மாப்பிள்ளை வீட்டாரை நினைத்து, மூன்று வயதுக் குழந்தையின் இருதயம் காத்துக் கிடக்கிறது.

இலவசம் என்றால்?

பணம்தான் தடை என்றால், செலவை அரசு ஏற்றுக்கொண்டதும் வித்தியாசம் மறைந்துவிட வேண்டும். ராஜஸ்தானில் 2015 இறுதியில் பாமாஷா காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களின் ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்றது. குடும்பத்தில் எத்தனை பேர், ஆணா பெண்ணா என்ற பாகுபாடு இருக்கவில்லை. பாஸ்கலின் டுப்பா, ராதிகா ஜெயின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தத் திட்டத்தில் பதிவான சுமார் 40 லட்சம் ஆஸ்பத்திரி வருகைகளை எடுத்துப் பார்த்தார்கள். 10 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒன்றுதான் பெண் குழந்தை. 50 வயதைத் தாண்டியவர்களிலும் பெண்கள் பாதியை எட்டவில்லை. ஆஸ்பத்திரி பில் இல்லாமல் போனாலும், பஸ் டிக்கெட், கூட வருபவரின் ஒருநாள் கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு, வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்து என்று வீட்டின் கையைக் கடிக்கும் செலவுகள் மிச்சம் இருக்கின்றன. அந்த மிச்சத்தை ஒரு பெண்ணுக்காகச் செலவழிக்கும்போதும் வீடு கொஞ்சம் யோசிக்கிறது.

தூரம் கூடக்கூட அந்த யோசனையும் கூடுகிறது. டெல்லி எய்ம்ஸின் 2016-ஆம் ஆண்டுப் புறநோயாளிகள் கணக்கை, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை வைத்து, இன்னொரு குழு ஆராய்ந்தது. ஒரு பெண் நோயாளிக்கு 1.69 ஆண் நோயாளிகள். டெல்லிக்காரர்களிடம் இடைவெளி குறைவு; உத்தரப் பிரதேசத்திலிருந்து வருபவர்களிடம் அதிகம்; பீகாரிலிருந்து வருபவர்களிடம் ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட ஆண்கள். இளம் வயதிலும் முதுமையிலும் நிலைமை இன்னும் மோசம். ஓர் இரவு ரயில் பயணம் மகனுக்கென்றால் கடமை. மகளுக்கென்றால் ‘இங்கேயே யாரையாவது பார்க்கலாமே’.

ஐந்து வயதுக்குள் நம் நாட்டில் கூடுதலாக இறந்துபோகும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, 2000 முதல் 2005 வரையிலான காலத்துக்கு, ஆண்டுக்கு 2,39,000 என்று 2018-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இவர்கள் கருவில் அழிக்கப்பட்டவர்கள் இல்லை. பிறந்து, பெயர் வைக்கப்பட்டு, தொட்டிலில் கிடந்தவர்கள். உசிலம்பட்டியும் சேலமும் தர்மபுரியும் ஒரு காலத்தில் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் அடிபட்டது நமக்கு மறந்திருக்காது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனால்தான். கள்ளிப்பால் கதை வெளியே தெரிந்தது, ஊர் அதிர்ந்தது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் தாமதமாகக் கூட்டிப்போன கதைக்கு எந்தக் காவல் நிலையத்திலும் வழக்கு கிடையாது.

தலைப்பிரசவம் யார் செலவு?

அம்மாவின் நோட்டில் இன்னொரு விசித்திரத்தைக் கவனித்தேன். நான் பிறந்தது 1986-ல். அந்த வருஷ நோட்டில் என் பிறப்புக்கான செலவே இல்லை. வளைகாப்பு முடிந்து அம்மா பிறந்த வீட்டுக்குப் போகிறாள். ஐந்து மாதம் கழித்துத் திரும்புகிறாள். ‘ஆட்டோ – 6’. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, டானிக், பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு எல்லாம் தாத்தாவின் கணக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமக்குச் சீராட்டும் வழக்கம். இன்னொரு பக்கம் பார்த்தால், ஒரு மருமகள் புகுந்த வீட்டுக்குத் தரும் முதல் வாரிசின் மருத்துவச் செலவை அந்த வீடு ஏற்பதில்லை. மகளைப் பெற்றவர் ஏற்கிறார். “பொண்ணு ஒரு செலவு” என்று மகப்பேறு வார்டில் ஒரு தாத்தா பெருமூச்சு விடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. இந்தப் பெருமூச்சு அடுத்த தலைமுறைப் பெண் குழந்தையின் தலையில்தான் போய் விழுகிறது.

என்றாலும், பிரசவம் ஒன்றில் தமிழ்நாடு நிஜமாகவே சாதித்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இப்போது 18,000 ரூபாய். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு 2 மணிக்கும் செவிலியர் இருப்பார் என்ற நம்பிக்கையை இந்த மாநிலம் கட்டி எழுப்பியிருக்கிறது. குறைத்துப் பேச மாட்டேன்.

பிள்ளை பெற்று முடித்த பிறகு அதே பெண்ணின் உடம்பு என்ன ஆகிறது? அதே ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அகில இந்திய அளவில் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம். பிள்ளை போதும் என்று முடிவெடுத்ததும் ஆபரேஷன் மேசையில் படுப்பதும் அவள்தான்: நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கான ஆபரேஷன் எளிது, வெட்டும் சிறியது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ‘அவர் வேலைக்குப் போறவர்’. அம்மாவும் 1989-ல் தம்பி பிறந்த கையோடு செய்துகொண்டாள். அதற்கும் நோட்டில் செலவு கிடையாது, இலவசம். அதன் பின் பல வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். அதுவும் நோட்டில் இல்லை.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைக் கர்ப்பிணிகள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த அம்மையாரின் வாழ்நாள் கனவு வேறொன்று. 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரத்தை முப்பது வருஷம் சுமந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு பெண்ணின் உடம்பில் கர்ப்பப்பைக்கு வெளியேயும் உயிர் இருக்கிறது என்று புரிந்துகொண்ட மருத்துவர். அவர் மருத்துவமனை தொடங்கி அறுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும், 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள், அதே ஆய்வின்படி, 9.8 சதவீதம் பேர்தான். நாட்டுச் சராசரி 1.9 என்பதால் இதையே முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்கிற பரிசோதனை அது. ‘எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போகணும்?’ என்று ஒரு பெண் கேட்டால், வீட்டில் யாரும் ‘இல்லை, போய்ட்டு வா’ என்று சொல்வதில்லை.

அரை அட்டை மாத்திரை

இந்தக் கட்டுரைக்காக, எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு மாலை முழுக்க நின்றேன். கடைக்காரர் தெரிந்தவர், ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

ஆறரை மணிக்கு மேல் கூட்டம். ஓர் அம்மாள் இரண்டு சீட்டுகளை நீட்டினார். ஒன்று கணவருக்கு: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு. ‘ஒரு மாசத்துக்கு முழுசா குடுத்துடுங்க.’ இரண்டாவது சீட்டு அவருடையது. தைராய்டு, இரும்புச் சத்து, கால்சியம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். கடைக்காரர் சொன்னார். பர்ஸைத் திறந்து பார்த்தார். “இதுல பத்து நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்க, தம்பி. கால்சியம் வேண்டாம், அது சத்து மாத்திரைதானே.” கத்தரிக்கோல் அட்டையை வெட்டும் சத்தம் கேட்டது. அந்த மாலையில் அந்தச் சத்தத்தை ஐந்தாறு முறை கேட்டேன். ஒரே ஒருமுறைதான் அது ஓர் ஆணின் மாத்திரை. அதுவும் அவர் சில்லறை இல்லாமல் மறுநாள் வருவதாகச் சொன்னதால்.

சீட்டே இல்லாமல் வருபவர்களிலும் பெண்கள் அதிகம். “உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க.” செட்டு என்றால் இரண்டு மூன்று உதிரி மாத்திரைகள், சின்னக் காகிதக் கவரில். டாக்டர் பீஸ் மிச்சம், பஸ் செலவு மிச்சம், சமையலுக்கு நேரத்தோடு வீடு திரும்பலாம். “இவங்க வருஷத்துக்கு இந்தச் செட்டு மாத்திரைக்குக் குடுக்குற காசுல ரெண்டு தடவ நல்ல டாக்டரையே பாத்திருக்கலாம்” என்றார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் ஒரே நாளில் ஐந்நூறு ரூபாயைத் தனக்கென்று எடுப்பதும், இருபது இருபது ரூபாயாக மளிகைக் காசில் மிச்சம் பிடித்து எடுப்பதும் ஒரு குடும்பத் தலைவிக்கு ஒன்றில்லை. முதலாவதைப் பற்றி வீட்டில் பேச வேண்டியிருக்கும்.

கணவருக்கென்று வரும்போது இதே கை எப்படித் திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் புரட்டுவது என்றாலே முதலில் கழற்றப்படுவது பெண்ணின் கழுத்தும் கையும்தான். வங்கி நகைக்கடன் கவுன்டரில் காலையில் போய் நின்றால் தெரியும், ‘எதுக்கும்மா?’ என்றால், ‘அவருக்கு ஆபரேஷன்.’ மகளிர் குழுவில் அவள் பெயரில் எடுத்த கடன், அவள் கையெழுத்து, வாராவாரம் தவணை கட்டுவது அவள். பணம் போனது அவர் சிகிச்சைக்கு. சீதனமாக வந்த நகை, பெண்ணுக்கு ஆபத்துக் காலத்தில் உதவும் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். உதவுகிறது. யாருடைய ஆபத்துக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவின் இரட்டை வடம் 2009-ல் வங்கிக்குப் போனது, 2012-ல் மீண்டது. 2013-ல் என் கல்யாணத்துக்கு அழித்து எனக்கு ஆரமாக வந்தது. அம்மாவின் முட்டிக்காக அது ஒருநாள்கூட வங்கிக்குப் போகவில்லை.

நகையாவது திரும்பி வரும். தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு தந்த கணக்கின்படி, 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் உறுப்பைப் பெற்றவர்களில் 29,000-க்கும் மேற்பட்டோர் ஆண்கள். பெண்கள் 6,945 பேர். உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகமோ ஈரலில் ஒரு பகுதியோ தானம் கொடுப்பவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள்: மனைவி, அம்மா, அக்கா. அன்பினால் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் ஒருத்தியின் சிறுநீரகம் பழுதாகும்போது வீட்டு ஆண்களில் எத்தனை பேர் ரத்த வகையைச் சோதித்துப் பார்க்கவாவது போகிறார்கள் என்றே கேட்கிறேன்.

இன்னொரு செலவைப் பற்றிப் பேசாமல் இந்த நடுவயதை விட்டுப் போக முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த 9 நாளும் அம்மா அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். அது எந்தக் கணக்கிலும் செலவாக வராது. அம்மா படுத்தால் யார் கட்டிலுக்குக் கீழே படுப்பது? நான் சென்னையில், தம்பி ஓசூரில், அப்பாவுக்கு முதுகு வலி. பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்றால் வீடு இரண்டு சம்பளத்தை இழக்கிறது: சமைத்து, துவைத்து, பார்த்துக்கொள்ளும் அவளுடைய சம்பளமில்லாத வேலை ஒன்று, கூட இருக்கப்போகும் இன்னொருவரின் வேலை மற்றொன்று. அதனால்தான் ‘பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும்’, ‘அறுப்பு முடியட்டும்’, ‘தை பிறக்கட்டும்’ என்று பெண்களின் ஆபரேஷன்களுக்கு எப்போதும் ஒரு தேதி இருந்துகொண்டே இருக்கிறது.

வாசலுக்கு வந்த மாத்திரை

உயிரோடு இருந்திருக்க வேண்டியும் இல்லாமல் போனவர்களை ‘காணாமல் போன பெண்கள்’ என்று 1990-ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எழுதியபோது, உலகம் கருவிலும் தொட்டிலிலும் அவர்களைத் தேடியது. 2010-ல் சிவான் ஆண்டர்சன், தேப்ராஜ் ரே இருவரும் வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டபோது, இந்தியாவில் அப்படிக் காணாமல் போகிறவர்களில் பெரும்பங்கு வளர்ந்த பெண்கள் என்று தெரிந்தது. பிரசவ மரணம் அதில் ஒரு பகுதிதான். வயது முதிர்ந்த பெண்களிடம் இதய நோய்க்குப் பெரிய பங்கு இருந்தது. நெஞ்சு வலி என்றால் ஆணுக்கு ஆம்புலன்ஸ் வரும். பெண்ணுக்கு முதலில் சோடா வரும். ‘வாய்வாத்தான் இருக்கும்’ என்று நாமே சொல்லியிருக்கிறோம், வீட்டுக்கு வீடு.

கணவன் போன பிறகு ஒரு மூதாட்டியின் வைத்தியம் மகன்களுக்கு இடையே முறை வைக்கும் விஷயமாகிறது. ‘போன தடவ கண்ணுக்கு நான் பார்த்தேன், பல்லுக்கு அவன் பார்க்கட்டும்.’ இதைக் கேட்டுக்கொண்டே ஒரு கிழவி முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று எப்படி வாயைத் திறப்பாள்?

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முடிச்சை ஒரு விதத்தில் அவிழ்த்தது. கண்புரை ஆபரேஷனை இலவசமாகச் செய்தால் மட்டும் போதாது. ஊருக்குள் முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். கூட வர ஆள் தேவையில்லை, மகனிடம் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறும் பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணைவிடப் பெரிதாக வேறொன்றும் அந்தப் பஸ்ஸில் திரும்பக் கிடைக்கிறது என்று.

அரசும் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போக யாரிடமும் காசு கேட்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்ததும் அப்படி வந்த ஒரு சுகாதாரத் தன்னார்வலர் பெண்தான். அப்பாவுக்குப் பார்க்க வந்தவர், “நீங்களும் கைய நீட்டுங்கம்மா” என்றிருக்கிறார். 170-க்கு மேல். எத்தனை வருஷமாக இருந்ததோ. 2023 செப்டம்பரில் வந்த மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையை எங்கள் தெருவில் சில பெண்கள் ‘என் மாத்திரைக் காசு’ என்கிறார்கள். கேட்கும்போது மனசு நிறைகிறது.

இந்தத் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் புலப்படும். பயன்பட்டவை எல்லாம் யாருக்குச் செலவழிப்பது என்று வீட்டுக்குள் நடக்கும் பேச்சைத் தாண்டி, நேராகப் பெண்ணின் கையிலோ வாசலிலோ போய் நின்றவை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்னும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய வரம். ஆனால் அட்டை குடும்பத்துக்கானது. யார் அதை முதலில் எடுத்துக்கொண்டு போவது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக, மாவட்டம் மாவட்டமாக அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 10 வயதுக்குள் எத்தனை பெண் குழந்தைகள், 60-க்கு மேல் எத்தனை பெண்கள் என்று ஊராட்சி மன்றத்தில் படித்துக் காட்டட்டும். ராஜஸ்தான் ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது: உள்ளாட்சியில் பெண் தலைவர்கள் நீண்ட காலம் இருந்த ஊர்களில் இந்த இடைவெளி குறைந்திருந்தது. நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்தத் தலைவிகள் கையில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.

போன தை மாதம் அம்மாவை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மூன்று முறை தேதி மாற்றி, நான்காவது முறை நானே ஊருக்குப் போய் ஆட்டோவில் ஏற்றினேன். புறப்படும்போது அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து 300 ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டர் பீஸ் நான் கொடுத்துவிடக் கூடாதாம். எக்ஸ்ரே படத்தை விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்த டாக்டர், முட்டி எலும்புகள் ஒன்றோடொன்று உரசுகிற நிலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்.

“எத்தனை வருஷமா வலிக்குதும்மா?”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“இப்பத்தான் டாக்டர். ரெண்டு மூணு மாசமா.”

டாக்டரிடம் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்த 2010-ஆம் வருஷ நோட்டு என் மடியில் இருந்தது.